நான்கு ஆண்டு முடித்துப் படையிலிருந்து வெளிவரும் அக்னிவீரர்: இப்போதே எதற்குத் தயாராக வேண்டும்?

கேள்வி: விருதுநகரிலிருந்து ஓர் அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி 2023 ஜனவரியில், அக்னிவீரர்களின் முதல் அணியில் ஒருவனாக, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். இன்னும் சில மாதங்களில் அவனுடைய நான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் படைக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது சேரும்போதே எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவன் அந்தக் கால் பங்கில் நிச்சயம் இருப்பான் என்றே வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். அவனோ தொலைபேசியில் அந்தப் பேச்சை எடுத்தாலே மழை பெய்ததா, அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது என்று வேறு பக்கம் போய்விடுகிறான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் படித்தவன். ஓட்டுநர், மின்பணி என்று தனித் தொழில் எதுவும் இல்லாமல், காலாட்படையில் பொதுப்பணிப் பிரிவில் இருக்கிறான். வெளியே வரும்போது 23 வயது ஆகும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா ஒருவர், முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருப்பதால் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை தானாகவே கிடைத்துவிடும் என்கிறார். அது உண்மைதானா? அரசு வேலை அமையாவிட்டால், தனியார் துறையில் காவலாளி வேலையைத் தவிர அவனுக்கு வழி உண்டா?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான்கு ஆண்டு முடிவில் மொத்தமாக வரப்போகும் சேவா நிதித் தொகையில் என் திருமணத்தை முடித்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எப்படி எடுத்துச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: ஓய்வு பெற்ற ஹவில்தார், குடியாத்தம்

மகளே, உங்கள் மாமா சொல்வது அவருடைய காலத்துக்கும் என்னுடைய காலத்துக்கும் பொருந்தும். உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. அங்கேகூட இந்த வேறுபாடு பலருக்கு இன்னும் விளங்கவில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு, கேன்டீன் உண்டு, முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் உண்டு. பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவராக இருந்தாலும், பதினைந்து ஆண்டு சேவை இருந்தால் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் ஆணையும் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்வது, தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாக வேலைக்குப் போவது எல்லாம் அந்தத் தகுதியை ஒட்டி வருபவை. நான்கு ஆண்டு முடித்து வெளிவரும் அக்னிவீரருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடையாது என்று அவர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே ஒரு வேலை அறிவிப்பில் ‘முன்னாள் படைவீரர்’ என்று மட்டும் இருந்தால், அது நமக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணி விண்ணப்பிக்க வேண்டாம். ‘முன்னாள் அக்னிவீரர்’ என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பி வருகிற வேதனையை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

அவனுக்கென்று இருக்கிற நேரான வழி மத்திய ஆயுதக் காவல் படைகள். 2022இல் அங்கே 10 விழுக்காடு இடங்களை அக்னிவீரர்களுக்கு என்று அறிவித்தார்கள். பிறகு எல்லைப் பாதுகாப்புப் படையின் காவலர் பணியில் அதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். வயது வரம்பில் மூன்று ஆண்டுத் தளர்வு உண்டு. உங்கள் தம்பி முதல் அணி என்பதால் அவனுக்கு ஐந்து ஆண்டு. ஓட்டம் முதலான உடல்திறன் தேர்விலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் எழுத்துத் தேர்வு இருக்கிறது, நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். காவலர் பொதுப்பணித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு வேலை வேண்டுமென்றால் குரூப் 4 தேர்வுக்குப் பொதுப் போட்டியில் உட்காரலாம். அதில் 300 மதிப்பெண்ணில் தமிழுக்கு மட்டும் 150. அந்தத் தமிழ்ப் பகுதியில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நான்கு ஆண்டாக ரோல் கால் எனும் வருகைக் கணக்கெடுப்பு முதல் லங்கர் எனும் சாப்பாட்டுக்கூடம் வரை இந்தியிலேயே பேசிப் பழகியவனுக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தூரம் போயிருக்கும். அடுத்த விடுப்பில் வரும்போது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை வாங்கி அவன் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

பதில்: தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் பணிபுரிபவர், ஓசூர்

தனியார் துறையைப் பற்றி நான் எழுதுகிறேன். பதினொரு ஆண்டுகளாக ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

படையிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் தன்விவரக் குறிப்பில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: இந்திய ராணுவம், இத்தனை ஆண்டு, ஒழுக்கம் மிக நன்று. அதைப் படிக்கும் என்னைப் போன்றவருக்கு, அந்த மனிதர் காலை எழுந்ததிலிருந்து என்ன வேலை செய்தார் என்பதே தெரிவதில்லை. தெரியாததால் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறோம். அது எங்கள் தவறுதான் என்றாலும், அதைத் திருத்தும் வழி வருபவரின் கையிலும் இருக்கிறது. கோத் எனப்படும் ஆயுதக் கிடங்கில் ஆயுதங்களைப் பதிவேட்டில் ஏற்றி இறக்கியிருந்தால், அது இருப்புக் கணக்கு வேலை. ஒரு துப்பாக்கிகூடக் குறையக் கூடாத கணக்கு. மலைமேல் உள்ள காவல் நிலைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிய அணியில் இருந்திருந்தால், அது பொருள் போக்குவரத்து. ஜெனரேட்டரையோ கம்பியில்லாக் கருவியையோ பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கும் எங்களிடம் பெயர் உண்டு. உங்கள் தம்பி இப்போதிலிருந்து ஒரு நோட்டில், ரகசியம் எதையும் தொடாமல், தான் பொறுப்பேற்ற வேலைகளை மட்டும் எளிய தமிழில் எழுதி வரட்டும். ஊர் திரும்பிய பிறகு உட்கார்ந்து நினைவுபடுத்தினால் பாதி மறந்துபோகும்.

அவன் தன்னிடம் இருப்பதாகவே எண்ணாத ஒரு தகுதி, இந்தி. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். மேலாளர் தமிழில் சொல்வதை அவர்களுக்குப் புரியும்படி இந்தியில் சொல்லி, அவர்கள் குறையைத் தமிழில் திருப்பிச் சொல்லி, இரவுப் பணியிலும் நிதானம் இழக்காத ஓர் இளைஞன் கிடைத்தால், உற்பத்திப் பிரிவிலும் கிடங்கிலும் மேற்பார்வையாளராக வளர்த்தெடுக்க நாங்கள் ஆவலாக இருக்கிறோம். தொடக்கச் சம்பளம் அவன் நான்காம் ஆண்டில் கையில் வாங்கும் 28,000 ரூபாயைவிடக் குறைவாகவே இருக்கும். தங்கும் இடமும் சாப்பாடும் சேர்ந்து வராது என்பதால் இன்னும் குறைவாகவே தோன்றும். இதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. ஆனால் காவலாளி வேலையில் ஐந்து ஆண்டு கழித்தும் அதே சீருடை, அதே வாசல்தான். கிடங்கில் ஐந்து ஆண்டு என்பது வேறு இடம்.

படிப்பைப் பொறுத்தவரை, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு நடத்துகிறது. படையில் பெற்ற பயிற்சியே அதில் பாதிப் புள்ளிகளாக எடுத்துக்கொள்ளப்படும். அவன் அதில் சேர்ந்திருக்கிறானா என்று கேளுங்கள். அறிவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் என்பதால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. 23 வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று தயங்குவான். இரண்டு ஆண்டில் கையில் டிப்ளமோ இருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. படையிலிருந்து வருபவர்களைக் குறிவைத்து, ‘தீயணைப்பு மற்றும் பாதுகாப்பு’ டிப்ளமோ என்று ஆறு மாதப் படிப்புக்குப் பெருந்தொகை வாங்கும் தனியார் நிலையங்கள் பெருகியிருக்கின்றன. தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக நியமிக்கச் சட்டம் கேட்கும் கல்வித்தகுதி வேறு. பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஏற்கிறதா என்று நீங்களே நேரில் விசாரியுங்கள்.

பதில்: வங்கி ஊழியர், மதுரை

சேவா நிதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது அரசு தரும் பரிசுப் பணம் என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். முதல் ஆண்டில் மாதம் 9,000, நான்காம் ஆண்டில் மாதம் 12,000 என்று உங்கள் தம்பியின் சம்பளத்திலிருந்து பிடித்த 5.02 லட்சம் ரூபாய், அதே அளவு அரசு போட்ட தொகை, அவற்றுக்கான வட்டி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 11.71 லட்சம் வருகிறது. இதற்கு வருமான வரி கிடையாது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லாத ஒருவனுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் இது. பணியில் இருந்தவரை இருந்த 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் வெளிவரும் நாளோடு முடிந்துவிடுகிறது.

அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். வேலை அமைய ஓர் ஆண்டு ஆகலாம். அதுவரை மாதம் 15,000 ரூபாய் வீதம் வைத்தாலும் 1.8 லட்சம். பாலிடெக்னிக்கோ தேர்வுப் பயிற்சியோ இன்னும் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளும். ஆக, முதல் இரண்டு ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாயை யாரும் தொடாமல் வைத்தால்தான் அவன் கிடைத்த முதல் வேலையில் விழாமல், தகுந்த வேலைக்குக் காத்திருக்க முடியும். மீதியையும் ஒரே வங்கியில் போட வேண்டாம். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். மூன்று வங்கிகளில், வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் பிரித்துப் போடுங்கள். பணம் வந்த வாரத்திலேயே சீட்டு, நிலம், கூட்டு வியாபாரம் என்று உறவினர்கள் வருவார்கள். முதல் ஆறு மாதம் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவன் இப்போதே முடிவெடுத்துவிட்டால், அன்றைக்கு மறுப்பது எளிதாக இருக்கும்.

உங்கள் திருமணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பணம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அதற்கு வீட்டில் வேறு யார் சொல்வதையும்விட எடை இருக்கும்.

பதில்: குறுகியகாலப் பணி முடித்த முன்னாள் அதிகாரி, சென்னை

நான் குறுகியகாலப் பணியில் பத்து ஆண்டு இருந்தேன். நிரந்தரப் பணி கேட்டேன், கிடைக்கவில்லை. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தேன். உங்கள் தம்பி பேச்சை மாற்றுகிறான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவு வந்த பிறகு நான்கு மாதம் அதை என் தாயிடம் சொல்லவில்லை. தவறு எதுவும் செய்யாதபோதும், நீ வேண்டாம் என்று சொல்லப்பட்டவனாகவே உணர்ந்தேன். அவனுடைய நிலை இன்னும் கடினம். ஒரே அறையில் தூங்கும் நால்வரில் ஒருவன் இருப்பான், மூவர் போவார்கள். மதிப்பெண் கணக்கில் ஒன்றிரண்டு குறைந்ததாலேயே வெளியே வருபவர்கள் அதில் இருப்பார்கள். வீட்டில் எல்லோரும் ‘நீ கட்டாயம் இருப்பாய்’ என்று சொல்லச் சொல்ல, இல்லாமல் போனால் அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்ற பாரம்தான் அவனுக்குக் கூடும். அடுத்த முறை அவன் அழைக்கும்போது வேலையைப் பற்றிக் கேட்க வேண்டாம். வந்தால் மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறோம், ஒரு மாதம் ஓய்வெடு, பிறகு பார்க்கலாம் என்று அப்பா வாயால் சொல்லச் செய்யுங்கள்.

கேட்டவர் மீண்டும்

ஐயா, அனைவருக்கும் நன்றி. அதிகாரி அவர்கள் சொன்னதுபோல் அப்பாவைப் பேசச் செய்தேன். தம்பி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்க வயது வரம்பு உண்டா என்று அவனாகவே கேட்டான். என் திருமணத்துக்குச் சேவா நிதி வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வருத்தம்தான், ஆனால் மறுக்கவில்லை.

புதிதாக ஒரு சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவன் பெயருக்குப் பின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. படைப் பதிவில் அப்பாவின் முழுப்பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஆதாரில் முதலெழுத்து முன்னால் வருகிறது. இதனால் தொல்லை வருமா?

பதில்: ஓய்வு பெற்ற ஹவில்தார், குடியாத்தம்

வரும், மகளே. நம் ஊர் முதலெழுத்து முறை வடக்கே புரிவதில்லை என்பதால், மதராஸ் ரெஜிமென்ட்டில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழையே அடிப்படையாக வைத்து, மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். படைப் பதிவைத் திருத்த, அவன் பணியில் இருக்கும்போதே கம்பெனி கிளார்க்கிடம் மனுக் கொடுத்து பார்ட் டூ ஆர்டர் (வீரரின் விவர மாற்றங்களைப் பதியும் படை ஆணை) வெளியிடச் செய்ய வேண்டும். வெளியே வந்த பிறகு என்றால், அதே வேலைக்கு வெலிங்டன் ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரும். ஆதாரை அடுத்த விடுப்பில் விருதுநகரிலேயே முடித்துவிடலாம். வெளிவரும்போது படை தரும் திறன் சான்றிதழிலும் இதே பெயர் அச்சாகும் என்பதால், இந்த மாதமே மனுவைக் கொடுக்கச் சொல்லுங்கள்.