பேங்கொக்கில கடைசி நாள் அரை நாள்தான் இருக்கு, அம்மாவோட எங்க போறது?

நிலா_வெள்ளவத்தை:

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் லீவுக்கு குடும்பமா பேங்கொக் போறம். அவருக்கு பிரதுனாம் பக்கம் உடுப்பு எடுக்கிற வேலை, அதால ஹோட்டலும் அங்கதான் போட்டிருக்கு. மற்ற நாளெல்லாம் அவர்ட வேலையோடயும் பிள்ளையளிட விளையாட்டோடயும் போயிடும், கடைசி நாள் மட்டும் ஒரு வேலையும் இல்ல, ஃப்ளைட் இரவுதான், அதால காலமை ஒரு அரை நாள் ஊரைச் சுத்திப் பாப்பம் என்டு யோசிக்கிறம்.

ஒன்லைன்ல பாத்தா அரை நாள் டூர் என்டு கனக்க கிடக்கு. ஒன்டில தங்க புத்தர், படுத்திருக்கிற புத்தர், மார்பிள் கோயில் மூண்டையும் காட்டி மத்தியானத்துக்கு முன்னம் திருப்பிக் கொண்டுவந்து விடுவினமாம், இன்னொன்டில அரண்மனையும் சேத்துக் காட்டுவினமாம். எதை எடுக்கிறது, இல்லாட்டி நாங்களே போறது நல்லதோ? அம்மாவும் வாறா. அவவுக்கு முழங்கால் வருத்தம், சமதரை என்டா மெதுவா நடப்பா, படி கனக்க ஏற ஏலாது, வெயிலும் தாங்கமாட்டா. ஆனா கோயில் என்டா எவ்வளவு நேரமும் நிண்டு பாப்பா. மகனுக்கு பத்து வயசு, மகளுக்கு ஆறு. போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

சேகர்_கொட்டாஞ்சேனை:

தங்கச்சி, நான் யாவாரத்துக்காக அங்க அடிக்கடி போய் வாற ஆள், வீட்டு ஆக்களையும் கூட்டிட்டுப் போயிருக்கிறன், அதால சொல்றன். அரை நாளில மூண்டு இடம் நாலு இடம் என்டு போட்டிருக்கிறதை நம்பி அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. அந்த மூண்டு கோயிலும் ஒன்டுக்குப் பக்கத்தில ஒன்டு இல்ல, தங்க புத்தர் இருக்கிற வாட் திரைமித் சைனா டவுன் வாசல்ல, படுத்திருக்கிற புத்தர் இருக்கிற வாட் போ ஆத்தங்கரையில, மார்பிள் கோயில் வடக்கால தூசித் பக்கம், இதுக்கு இடையில பேங்கொக் டிராஃபிக். வேன் வந்து உங்கள ஏத்தி, மற்ற ஹோட்டல்களிலயும் ஆளுகள ஏத்தி, எல்லாரும் வந்து சேரும்வரைக்கும் நிண்டு, பிறகு ஒவ்வொரு இடத்திலயும் இருபது நிமிஷம் முப்பது நிமிஷம் என்டு இறக்கி ஏத்துவாங்க. முழங்கால் வருத்தக்காரருக்கு நடக்கிறதை விட இந்த ஏறி இறங்கிறதுதான் பெரிய கஷ்டம்.

அதோட நான் போன டூர்ல கடைசியில கல்லுக் கடை ஒன்டுக்குக் கொண்டு போய் விட்டாங்க, அங்கயே ஒரு மணித்தியாலம் போச்சு. டூர் விலை மலிவா இருந்தா அதுக்குள்ள கடை ஒன்டு ஒளிஞ்சிருக்கும், புக் பண்ண முன்னம் கடைக்குப் போறதில்லையா என்டு எழுத்தில கேட்டு வாங்குங்க. கல்லு வாங்கிறதென்டா எங்களுக்கு இரத்தினபுரி இருக்கு.

நான் சொல்றது ஒரே ஒரு இடம், கூடினா ரெண்டு. பழைய நகரத்தில ஆத்தோரமா மட்டும் நில்லுங்க. பிரதுனாமில இருந்து காலமை ஏழு மணிக்கெல்லாம் கிராப்ல, அதான் ஃபோன் ஆப்ல கூப்பிடுற டாக்ஸியில, ஏறிடுங்க, அந்த நேரம் ரோட்டு கொஞ்சம் பரவாயில்ல. திரும்பி வரேக்க ரோட்டு இறுகிட்டா எம்ஆர்டி ட்ரெயின் இருக்கு, வாட் போவுக்குக் கிட்ட சனம் சாய் ஸ்டேஷன், நடந்து போற தூரம்தான். 2019ல திறந்தது, உள்ளுக்கு தூணும் கூரையும் அரண்மனை மண்டபம் மாதிரியே செஞ்சு வச்சிருக்கிறாங்க, பிள்ளைகளுக்கு அதுவே ஒரு காட்சி. விசா, மாஸ்டர் கார்டை கேட்டில தட்டிட்டே உள்ள போகலாம், டோக்கனுக்கு கியூவில நிக்கத் தேவையில்ல. அந்த லைன்ல பெட்சபுரி ஸ்டேஷன்ல இறங்கினா ஹோட்டலுக்கு டாக்ஸி கிட்ட.

இன்னொன்டு, இதை மட்டும் மறக்க வேணாம். அரண்மனைப் பக்கம் நடக்கேக்க நல்லா உடுத்த ஒரு ஆள் மரியாதையா வந்து கதைப்பார், இன்டைக்கு அரண்மனை பூட்டு, ஏதோ பூசை நடக்குது, பின்னேரம்தான் திறப்பாங்க, அதுவரைக்கும் வேற கோயில் காட்டுறன், துக் துக் மலிவு என்டு சொல்லுவார். நம்பி ஏறினா போய் நிக்கிறது கல்லுக் கடையிலயோ தையல் கடையிலயோதான். எத்தனையோ வருஷமா நடக்கிற வேலை இது. ஒரு கதையும் வேணாம், நேரா வாசலுக்குப் போய் நீங்களே பாருங்க.

மட்டக்குளி_டீச்சர்:

சேகர் அண்ணா சொன்னது சரி, ஆனா பத்து வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய் அரண்மனையைப் பாக்காம வாறது எனக்கு மனசுக்கு ஒப்பாது நிலா. 1782ல முதலாம் ராமா பேங்கொக்கை தலைநகரமா ஆக்கேக்க தொடங்கின கட்டடம் அது. உள்ளுக்கு இருக்கிற மரகத புத்தர் கோயிலைச் சுத்தி ஒரு நீளமான தாழ்வாரம், அந்தச் சுவர் முழுக்க இராமாயணம், அவங்கள் ராமகியன் என்டு சொல்லுவாங்க, 178 ஓவியம், வடக்கு வாசல்ல தொடங்கி சுத்தி வந்து அங்கயே முடியும். தங்கம் பூசின மாளிகைகள், ஆளை விழுங்கிற பெரிய அரக்கர், வாலை நீட்டிக்கொண்டு அனுமார், வானரப் படை கடலைக் கடந்து இலங்கைக்கு வாறது. அந்த அனுமாரை பெரிசா வாயைத் திறந்துகொண்டு நிக்கிறாப்போல கீறியிருப்பாங்க, பிள்ளையள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாங்கள். எங்கட நாட்டை இன்னொரு நாட்டுக்காரன் கற்பனையில எப்பிடிக் கீறி வச்சிருக்கிறான் என்டு ஒரு இலங்கைப் பிள்ளை நிண்டு பாக்கவேணும், நான் என்ட மாணவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டித்தான் பாடம் தொடங்கிறது.

வாசல்களில காவலுக்கு நிக்கிற அரக்கர் சிலைகளில பச்சை நிறத்தில ஒன்டு இராவணன், தலைக்கு மேல தலையா அடுக்கி இருக்கும், மகனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. தங்க நிறத்தில மணி கவுத்து வச்ச வடிவில ஒரு பெரிய தாதுகோபம் நிக்குது, அது இலங்கைப் பாணி, பாத்த உடன அநுராதபுரம் ஞாபகம் வரும். 1753ல சீயத்தில இருந்து உபாலி தேரர் கண்டிக்கு வந்துதான் இங்க உபசம்பதா, அதாவது பிக்குமாருக்கு முழுத் துறவு குடுக்கிற சடங்கு, திரும்பத் தொடங்கினது, அந்த சீயம்தானே இந்தத் தாய்லாந்து, ரெண்டு நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் அவ்வளவு பழசு.

மரகத புத்தர் உண்மையில மரகதம் இல்ல, ஜேட் கல்லு, 66 சென்டிமீட்டர்தான், உயரத்தில வச்சிருக்கிறதால சின்னதாத் தெரியும். வருஷத்தில மூண்டு தரம், கோடை, மழை, குளிர் என்டு காலம் மாறேக்க அரசரே உடுப்பு மாத்துவார். நீங்கள் ஓகஸ்ட்ல போறதால மழைக்கால உடுப்போட பாப்பீங்கள். உள்ளுக்கு ஃபோட்டோ எடுக்க விடமாட்டாங்கள்.

டிக்கெட் வெளிநாட்டுக்காரருக்கு 500 பாத், எட்டரைக்குத் திறப்பு. திறக்கேக்கயே உள்ள போயிடுங்கோ, பத்து மணிக்குப் பிறகு பஸ் பஸ்ஸா ஆக்கள் வந்து இறங்குவினம், ஓவியத்தைக் கிட்டப் போய்ப் பாக்க ஏலாது. அரச நிகழ்ச்சி இருக்கிற நாளில பூட்டுவாங்கள், முதல் நாள் இரவு அரண்மனையின்ட வெப்சைட்டைப் பாத்திட்டுப் போங்கோ.

மலர்_கல்கிசை:

டீச்சர் சொன்ன ஓவியத்துக்காக நானும் திரும்பப் போவன், ஆனா நிலா, அம்மாவை அரண்மனைக்குள்ள கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நிழல் இல்லாத முற்றம், அடிக்கிற வெயில் நிலத்தில பட்டு முகத்தில அடிக்கும், சனம் நெருக்கும், நிண்டு ஆற இடமும் குறைவு. அம்மாவுக்கு வாட் போதான். அரண்மனைக்குத் தெற்கால, நடந்தா பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், காலமை எட்டு மணிக்கே திறந்திடுவினம், டிக்கெட் 300 பாத். 120 சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு டிக்கெட் இல்ல, உங்கட மகளை ஒருக்கா அளந்து பாருங்கோ.

படுத்திருக்கிற புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபம் அந்த உடம்புக்கு அளவெடுத்துக் கட்டினது போல, அதால நீங்கள் தள்ளி நிண்டு முழுசாப் பாக்கவே ஏலாது, தூணுக்கும் தூணுக்கும் இடையில முகம், பிறகு தோள், பிறகு கை என்டு துண்டு துண்டா நடந்து நடந்துதான் பாக்கவேணும், கடைசியில பாதம். உள்ளங்கால் ரெண்டிலயும் முத்துச்சிப்பி பதிச்சு 108 மங்கலச் சின்னம், யானை, பூ, விசிறி, தேர் போல, கிட்டப் போனா ஒவ்வொன்டும் வேற வேற நிறமா மினுங்கும். எங்கட மாமி அந்தப் பாதத்துக்கு முன்னால கையைக் கூப்பிக்கொண்டு நிண்டவ, நாங்கள் கூப்பிட்டும் வரேல்ல.

திரும்பி முதுகுப் பக்கமா வரேக்க சுவரோட 108 வெண்கலக் கிண்ணம் வரிசையா இருக்கும். கொஞ்சக் காசு குடுத்தா சில்லறை நிரப்பின கிண்ணம் ஒன்டு தருவினம், ஒவ்வொன்டிலயும் ஒவ்வொரு சல்லியாப் போட்டுக்கொண்டு போறது. மண்டபம் முழுக்க அந்தச் சத்தம்தான், டிங் டிங் என்டு ஓயாம. மகளிட கையில அதைக் குடுத்திடுங்கோ, ஒன்டும் விடாம எண்ணி எண்ணிப் போடுவா. செருப்பைக் கழட்டி கையில கொண்டு போகவேணும், ஒரு துணிப் பை வச்சிருங்கோ.

கன பேர் புத்தரைப் பாத்த உடன வெளிக்கிட்டுப் போயிடுவினம், அதுதான் எனக்குக் கவலை. வெளியில நிழலான தாழ்வாரம், மரம், இருக்க வாங்கு எல்லாம் இருக்கு. கல்லில வைத்தியக் குறிப்பு வெட்டி வச்சிருக்கினம், எந்த நரம்பு எங்க போகுது என்டு மனுஷ உருவத்தில கோடு கீறி, அந்தக் கல்வெட்டுகளை 2011ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில சேத்தது. பக்கத்தில ரிஷிகள் காலை மடக்கி, கையை முறுக்கி ஆசனம் போட்டுக்கொண்டிருக்கிற சிலைகள், எங்கட ஆக்களைப் பாத்த மாதிரியே இருக்கும். தாய் மசாஜுக்குப் பேர் போன பள்ளிக்கூடமும் அந்தக் கோயிலோடதான், அம்மாவுக்குக் கால் மட்டும் பிடிச்சு விடச் சொல்லலாம், ஆனா முழங்கால் வருத்தத்தை முதலே சொல்லுங்கோ, அவங்கள் நல்லா அமத்துவாங்கள்.

ஆத்துக்கு அங்கால வாட் அருண் தெரியும். தா தியென் துறையில இருந்து படகு 5 பாத்தோ என்னவோதான், ஆனா அந்தக் கோபுரப் படி சரியான செங்குத்து, அம்மாவுக்கு வேணவே வேணாம். இங்கால கரையில இருந்தே வடிவாப் பாக்கலாம்.

நானா_தெஹிவளை:

நல்ல விஷயங்கள் சொல்லி இருக்கிறாங்க. நான் ரெண்டு விஷயம் மட்டும். அரண்மனையில உடுப்பு விஷயத்தில சரியான கட்டுப்பாடு, ஷோர்ட்ஸ், கையில்லாத சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸ் ஒன்டும் உள்ள விடமாட்டாங்க, ஆம்பிளைப் பிள்ளைக்கும் நீளக் களிசான் போட்டு விடுங்க. மற்றது, 2025 மே மாசத்தில இருந்து தாய்லாந்துக்கு போறவங்க எல்லாரும் டிஜிட்டல் அரைவல் கார்ட் ஒன்லைன்ல நிரப்பணும், இறங்குறதுக்கு முன்னுக்கு மூணு நாளுக்குள்ள, சின்னப் பிள்ளைகளுக்கும் வேணும். அதுக்கு ஒரு சதமும் இல்ல, காசு கேக்கிற சைட் எல்லாம் போலி.

ஹலால் தேடுற ஆக்கள் இதை வாசிச்சா, பெட்சபுரி சோய் 7ல பள்ளிவாசலைச் சுத்தி நல்ல சாப்பாட்டுக் கடைகள் இருக்கு, பிரதுனாமுக்கு தூரம் இல்ல.

நிலா_வெள்ளவத்தை:

எல்லாருக்கும் கோடி நன்றி, டூர் யோசனையை விட்டாச்சு. மலர் அக்கா, டீச்சர், ரெண்டு பேர் சொன்னதும் எனக்கு வேணும் போல இருக்கு, அதால இப்பிடி யோசிச்சம்: எட்டு மணிக்கு எல்லாரும் வாட் போவில இறங்கிறது, அவரும் மகனும் அப்பிடியே நடந்து அரண்மனைக்குப் போறது, நானும் அம்மாவும் மகளும் வாட் போவிலயே ஆறுதலா நிக்கிறது, பதினொன்டு பதினொன்டரைக்கு தா தியென் பக்கம் சந்திக்கிறது. சரிவருமா? அம்மா இன்னொன்டும் கேக்கிறா, அங்க அம்மன் கோயில் ஒன்டு இருக்காமே?

மட்டக்குளி_டீச்சர்:

நல்லாச் சரிவரும், எனக்கு இப்பதான் சந்தோஷம். ரெண்டு இடத்திலயும் சனம் இருக்கும், சந்திக்கிற இடத்தை வாட் போவின்ட டிக்கெட் எடுக்கிற வாசல் என்டு ஒன்டை முதலே சொல்லி வையுங்கோ.

அம்மன் கோயில் இருக்கு, சீலோம் ரோட்டில மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில அங்க போய்க் குடியேறின தமிழர் கட்டினது. கோபுரம் எங்கட ஊர்க் கோபுரம்தான், உள்ளுக்குப் போனா கும்பிடுறவை முக்கால்வாசிப் பேர் தாய்க்காரர், மஞ்சள் பூமாலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு வரிசையில நிப்பினம். நவராத்திரிக்கு அம்மன் வீதி உலா வரேக்க சீலோம் ரோட்டையே மறிச்சுப் போடுவாங்கள். அம்மாவுக்கு இன்னொன்டு சொல்லுங்கோ, பழைய நகரத்தில பெரிய ஊஞ்சல் என்டு சிவப்பு நிறத்தில ரெண்டு உயரமான மரத்தூண் நிக்கும், அதுக்குப் பக்கத்தில அரச பிராமணர்ட கோயில் இருக்கு, மார்கழியில அங்க இப்பவும் திருவெம்பாவை ஓதுறவை. ஊஞ்சல் ஆடுற சடங்கு 1935ஓட நிண்டுட்டுது. வாட் போவில இருந்து திரும்பேக்க காருக்குள்ள இருந்தே அந்த ஊஞ்சலைப் பாக்கலாம், டிரைவரிட்ட சாவோ சிங் ச்சா என்டு சொன்னா விளங்கும்.

சேகர்_கொட்டாஞ்சேனை:

தங்கச்சி, மாரியம்மன் கோயிலுக்குப் போறதென்டா பன்னிரண்டுக்கு முன்னம் ஆத்தங்கரையை விட்டு வெளிக்கிடுங்க. டாக்ஸி பிடிச்சா மீட்டர் போடச் சொல்லுங்க, போட மாட்டன் என்டா இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம், பயப்பட வேணாம். ஓகஸ்ட்ல பின்னேரத்தில மழை கொட்டும், கொட்டினா பேங்கொக் ரோட்டு அப்பிடியே நிண்டிடும், அதால சூட்கேஸ் எல்லாம் காலமையே ஹோட்டல் கவுண்டர்ல குடுத்து வச்சிட்டு, நாலு மணிக்கெல்லாம் எயார்போர்ட்டுக்கு வெளிக்கிடுங்க. மழை பெஞ்சா வேன் பிடிக்காம ராச்சப்பராரொப் ஸ்டேஷனுக்குப் போங்க, பிரதுனாமுக்குக் கிட்ட, அங்க ஏறினா சுவர்ணபூமிக்கு நேரா ட்ரெயின், ரோட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உடுப்பு மூட்டை கனக்க எண்டா அதை மட்டும் அவர் கார்ல கொண்டு வரட்டும்.