தாத்தா பெட்டியில் கிடைத்த வட்டத்தகடு: இது காசா, வேறு ஏதாவதா?

தக்கலைக்காரன்:
தாத்தா கொழும்பில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியைக் கிளறியபோது வெற்றிலைச் செல்லத்துக்கு அடியில் கனமான வட்டத்தகடு ஒன்று கிடைத்தது. அகலம் நாலரை சென்டிமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் தோள்வரை முடி தொங்கும் கிழவர், சுற்றிலும் பிராங்க்ளின் பெயர். மறுபக்கம் இறக்கை வைத்த பையன் ஒரு கையால் மின்னலைக் காட்டுகிறான். காலடியில் கிரீடமும் செங்கோலும். எத்தனை ரூபாய், பவுண்டு என்று எங்கும் இல்லை. விளிம்பில் சின்னக் கொம்பு ஒன்று, பக்கத்தில் 'பிரான்ஸ்' என்று எழுத்து. பிரான்ஸ் நாட்டுக் காசோ? பாத்திரக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். இதற்குள் அம்மா புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்து, நான் பார்ப்பதற்குள் பாதி பளபளவென்று ஆகிவிட்டது.

வடசேரி அண்ணாச்சி:
ஐயோ, தம்பி, புளியை முதலில் தூர வையுங்கள். அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை, பதக்கத்தின் தோல். அதை உரித்தால் சேகரிப்பவர்கள் கையில் எடுக்கவே யோசிப்பார்கள்.

மதிப்பு போடாததால் இது காசு இல்லை, நினைவுப் பதக்கம். காமராஜர் நூற்றாண்டுக்கு 2003-இல் வந்த ஐந்து ரூபாயை எடுத்துப் பாருங்கள், அதில் மதிப்பு இருக்கும். கடையில் கொடுத்து டீ குடிக்கலாம். (நம் நாகர்கோவிலில் 1969-இல் ஜெயித்தவர் என்பதால் என்னிடம் நாலைந்து இருக்கின்றன.) உங்களிடம் இருப்பது, பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்தேன் துய்ப்ரே 1784-இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்காகச் செதுக்கிய வடிவம். பையனைச் சுற்றியுள்ள லத்தீன் வரிக்கு, 'வானிடமிருந்து மின்னலையும் கொடுங்கோலரிடமிருந்து செங்கோலையும் பறித்தார்' என்று அர்த்தம். மின்னல் அவர் கண்டுபிடித்த இடிதாங்கிக்கு, செங்கோல் அவர் பாடுபட்ட அமெரிக்க விடுதலைக்கு. ஒரே வரியில் விஞ்ஞானியும் அரசியல்வாதியும்!

குளச்சல் கடலோடி:
விளிம்பில் உள்ளது நாட்டின் பெயர் அல்ல, வெண்கலத்தைக் குறிக்கும் BRONZE என்ற சொல். ஆனால் நாடும் அதேதான், போங்கள். பாரீஸ் நாணயச்சாலை கொம்பு முத்திரை குத்தத் தொடங்கியது 1880-இல். ஆக, உங்களுடையது அதற்குப் பிறகு மறுபடி அடித்தது, 1784-இன் அசல் இல்லை. ஆனாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தக்கலைக்காரன்:
நன்றி அண்ணாச்சி, நன்றி அண்ணே. பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு பாதி வெளுப்பு, ஒரு பாதி கறுப்பா இருக்கே மக்களே, மீதியையும் தேய்ச்சிரட்டா?" என்கிறாள்.