அச்சு முறுக்கு அச்சை விட்டு வரமாட்டேன் என்கிறது. ஊரை விட்டு வந்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு என்னதான் செய்கிறீர்கள்?

தேரிக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி இரண்டு. ஒன்று அடுப்படிக் கேள்வி, இன்னொன்றை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அதோடு சேர்த்துக் கேட்கிறேன்.

ஜப்பானில் நகோயாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு சின்ன கிராமம். தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஏறி நின்றால் மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோயிலின் 192 அடி கோபுரம் தெரியும். வழி தப்பினால் அதைப் பார்த்துத்தான் வீடு வந்து சேருவோம்.

இங்கே டிசம்பர் 25 விடுமுறை கிடையாது. ஊரெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள், கடைகளில் ஸ்ட்ராபெரி வைத்த வெள்ளைக் கேக் அடுக்கியிருப்பார்கள், பொரித்த கோழி வாங்க வரிசையில் நிற்பார்கள். 26ஆம் தேதி காலையில் போனால் மரத்தைக் காணோம், அந்த இடத்தில் புதுவருஷத்துக்கான வைக்கோல் அலங்காரம் தொங்குகிறது. குறை சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம். ஆனால் ஊரில் காலை நாலு மணி ஆராதனைக்குக் கடைசி மணி அடிக்கும்போது இங்கே ஏழரை. நான் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போன வருஷம் அம்மா போனைத் தூக்கிப் பிடித்து மணிச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். ரயிலில் போன் பேசக்கூடாது என்பதால் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இந்த வருஷம் மகளுக்கு ஐந்து வயது. "அப்பா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் எனக்கு 25ஆம் தேதி அவ்வளவாக ஞாபகம் இல்லை. ஆராதனையில் பாதி தூக்கம், மத்தியானம் கறிச்சோறு, அப்புறம் மறுபடியும் தூக்கம். ஞாபகம் இருப்பதெல்லாம் அதற்கு முந்தைய பத்து நாள்தான்.

பலகாரம் சுடும் நாளைச் சொல்கிறேன். எங்கள் ஆச்சி வீட்டுப் பின்கட்டில் விறகடுப்பு. பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி இடித்துச் சலித்து, தேங்காய்ப் பாலில் முட்டையும் சீனியும் சேர்த்துக் கரைத்து, எள்ளைத் தூவி வைத்திருப்பார்கள். அச்சை முக்கி எடுப்பது சித்தி. பொரிந்ததை ஈர்க்கால் தட்டிவிடுவது அத்தை. தீயைப் பார்ப்பது தாத்தா; அந்த ஒரு நாள்தான் அவர் அடுப்படிப் பக்கம் வருவார், வந்ததற்கு ஊர் முழுக்கப் பெருமை அடிப்பார். தரையில் செய்தித்தாள் விரிப்பதும், ஆறிய முறுக்கை எண்ணிப் பிஸ்கட் டின்னில் அடுக்குவதும் எங்கள் வேலை. எண்ணும்போது குறையும். குறையும் என்று ஆச்சிக்குத் தெரியும். முதல் ஈடு சபைப் போதகரான ஐயருக்கும், அவருக்கு உதவியான உபதேசியாருக்கும் தனியாகப் போய்விடும். மீதியை டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றிப் பேப்பரில் பசை தடவி ஒட்டிவிடுவாள். அந்தப் பேப்பரைக் கிழியாமல் உரித்து, எடுத்துவிட்டு, எச்சில் தொட்டு மறுபடி ஒட்டுவது ஒரு கலை. என் அண்ணன் அதில் மேதை.

உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டு அச்சு முறுக்கு அப்படி ஒன்றும் பிரமாதமாக இருக்காது. பண்டிகை வருவதற்குள் பல்லுக்குச் சவால் விட ஆரம்பித்துவிடும்.

ஆச்சி போய் ஒன்பது வருஷம். அவளுடைய அச்சை அம்மா இந்த அக்டோபரில் சொந்தக்காரர் ஒருவர் பெட்டியில் கொடுத்தனுப்பினாள். கறுப்பு இரும்புப் பூ, நீளக் காம்பு. விமான நிலையத்தில் அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம்.

போன சனிக்கிழமை செய்து பார்த்தேன். மாவு அச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தட்டினேன், உதறினேன், கத்தியால் நெம்பினேன். வந்தது முறுக்கு அல்ல, பொரித்த மாவுத் துண்டு. மகள் அதையும் தின்றாள் என்பது வேறு விஷயம். அம்மாவிடம் கேட்டால் "எல்லாம் கண்ணளவுதாம்ல" என்கிறாள். எங்கே தப்பு? அப்புறம், ஊரில் இல்லாத நீங்கள் எல்லாம் பழைய பண்டிகையில் எதை விடாமல் வைத்திருக்கிறீர்கள்?

—

அடுப்படி ராசாத்தி எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். ஆச்சியின் அச்சு வந்ததும் பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுத் தேய்த்தீர்களா, இல்லையா? மறைக்காமல் சொல்லுங்கள்.

—

தேரிக்காட்டான் எழுதியது:

அக்கா, மாட்டிக்கொண்டேன். கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. பிள்ளை சாப்பிடப் போகிறதே என்று கம்பி நார் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று ஆக்கி அம்மாவுக்குப் போட்டோ வேறு அனுப்பினேன். அவள் பதிலே போடவில்லை. இப்போதுதான் ஏன் என்று புரிகிறது.

—

அடுப்படி ராசாத்தி எழுதியது:

நினைத்தேன். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை தம்பி, உங்கள் ஆச்சி இத்தனை வருஷம் சேர்த்து வைத்த எண்ணெய். அதுதான் மாவை வழுக்கிவிடுவது. சரி, அழ வேண்டாம், மறுபடி பழக்கலாம். புது அச்சு வாங்கினால் நாங்கள் செய்வதையே செய்யுங்கள். அரிசி கழுவின தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். மறுநாள் எடுத்து ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் துடைத்து, காய்கிற எண்ணெயில் பத்து நிமிஷம் கிடக்கட்டும். அடுப்பை அணைத்துவிட்டு அதே எண்ணெயில் இன்னொரு ராத்திரி. ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் முகத்தில் தெறிக்கும், ஜாக்கிரதை.

சுடும்போது ஒவ்வொரு முறையும் அச்சு எண்ணெயில் சூடேற வேண்டும். சூடு பற்றாவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது. மிஞ்சினால் முக்கின உடனே வெந்து கிண்ணத்திலேயே கழன்றுவிடும். மாவில் முக்கும்போது முக்கால் அச்சுக்கு மேல் போகக்கூடாது. மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் கழற்ற முடியாது. மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். முதல் நாலைந்து வீணாகும். எங்கள் வீட்டிலும் வீணாகும். அதைத் தின்பதற்குத்தானே பிள்ளைகள்!

எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்களே, நான் ஊரை விட்டுப் போகவே இல்லை. என் பிள்ளைகள்தான் போனார்கள். டின் மூடியில் பேப்பர் ஒட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. திருட ஆள்தான் இல்லை.

—

யோகோஹாமாவாசி எழுதியது:

அண்ணாச்சி, மாவுப் பாக்கெட்டையும் ஒரு தடவை பாருங்கள். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மாவு என்று பல வகை அடுக்கி வைத்திருப்பான். ஜோஷின்கோ என்றால் சாதாரண அரிசி, அது சரிப்படும். மோச்சிகோ, ஷிராதமாகோ இரண்டும் ஒட்டுகிற அரிசி. அதில் நான் ஒரு முறை கொழுக்கட்டை செய்து, சட்டியோடு தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

வாடகை வீட்டு மின்காந்த அடுப்பில் அச்சுக்குச் சூடு நின்று ஏறாது; எண்ணெய் சூடானதும் அது தானாகக் குறைத்துக்கொள்ளும். மேசை மேல் வைக்கிற கேசட் கேஸ் அடுப்பு ஒன்று வாங்குங்கள். ஆனால் சின்னச் சட்டி போதும். பெரிய சட்டி கேஸ் டப்பாவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் டப்பா சூடாகி ஆபத்து.

—

முட்டத்துக் காற்று எழுதியது:

நான் கன்னியாகுமரி மாவட்டம், இப்போ மஸ்கட். எங்களுக்கு அச்சு முறுக்கைவிட முந்திரிக்கொத்துதான் பெரிசு. பேரில்தான் முந்திரி, உள்ளே பாசிப்பயறும் கருப்பட்டியும். மூணு மூணா மாவில் முக்கிப் பொரிச்சா, ஒண்ணோடொண்ணு கையைப் பிடிச்ச மாதிரி இருக்கும். ஆனா அதை நான் இங்கே செய்றதில்லை, ஊரிலிருந்து வந்துடும்.

நான் விடாமல் வெச்சிருக்கிறது குடில். குடிலுக்குப் புல் வேணும்ல? சின்ன வயசில் அப்பா டிசம்பர் 12, 13 வாக்கில் கேழ்வரகை ராத்திரி ஊறப்போட்டு, தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பி நெருக்கமா விதைச்சுக் கட்டிலுக்கு அடியில் வைப்பாங்க. இருட்டில் முளைச்சது மஞ்சளா, நூல் மாதிரி நீளமா வரும். அப்புறம் வெளிச்சத்துக்கு எடுத்தா ரெண்டே நாளில் பச்சை. தினமும் காலையில் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பாக்கிறதுக்கு நானும் தங்கச்சியும் அடிச்சுக்குவோம். 24ஆம் தேதி ராத்திரி வரைக்கும் குடிலில் எல்லாரும் இருப்பாங்க, பாலன் இயேசு மட்டும் இருக்கமாட்டார். அலமாரியில் பஞ்சில் பொதிஞ்சு வெச்சிருப்பாங்க. பூசை முடிஞ்சு வந்ததும் வீட்டில் கடைக்குட்டிதான் எடுத்து வைக்கணும்.

இங்கே சிரட்டைக்குப் பதிலா தயிர் டப்பா. ஏசி குளிரில் முளைக்க ஒரு நாள் கூடுதலா ஆகுது. போன வருஷம் என் மகன் பாலனை ரொம்பப் பத்திரமா ஒளிச்சு வெச்சுட்டான், எங்கேன்னு மறந்தும் போயிட்டான். ஜனவரியில் அரிசி டப்பாவில் கிடைச்சார்.

—

ஜாம் போத்தல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம் குருநகர், இப்ப கனடாவில ஸ்காபரோ. உங்கட பதிவை வாசிச்சிட்டு ஒண்டு எழுதவேணும் போல கிடந்தது.

தொண்ணூறுகளின்ட தொடக்கத்தில எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்யும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்க கொஞ்சம் பஞ்சை வச்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டு எரிப்பம். அந்தச் சின்ன வெளிச்சத்திலதான் படிப்பு, சாப்பாடு எல்லாம். ஒரு நத்தாருக்கு, அதான் கிறிஸ்துமஸுக்கு, அண்ணா ஈர்க்கில நட்சத்திரம் கட்டி, பழைய கொப்பித் தாள் ஒட்டி, அந்தப் போத்தலை உள்ளுக்கு வச்சுத் தூக்கினார். அஞ்சு நிமிசம்தான். பத்தி எரிஞ்சு போச்சு. அம்மா ஏசேல்லை. "சரி, வெளிச்சம் கண்டாச்சு, உள்ளுக்கு வாங்கோ" எண்டா.

இப்ப எங்கட வீட்டு முற்றத்தில விளக்கு நிறையத்தான் இருக்கு. நான் விடாமல் செய்யிறது ரிச் கேக். கோதுமை மாவில்லை, ரவையில. கஜு (முந்திரிப்பருப்பு), பூசணித் தோசி (சீனிப்பாகில போட்ட பூசணி) எல்லாம் பொடியா வெட்டிப் போட்டு, அவிச்ச பிறகு சின்னச் சின்னத் துண்டாக்கி எண்ணெய்த் தாளில சுத்தவேணும். அந்தச் சுத்திற வேலைக்கு ஆக்கள் வேணும். அதுதான் முக்கியம் தம்பி. ஆக்கள் தேவைப்படுற வேலை ஒண்டு வையுங்கோ, பிள்ளையள் தானா வந்து இருக்குங்கள்.

—

பக்கத்துவீட்டான் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் வளர்ந்தவன். எங்கள் தீபாவளிப் பலகாரம் போன தட்டு பக்கத்துக் கிறிஸ்தவர் வீட்டிலேயே தங்கிவிடும், கிறிஸ்துமஸுக்குத்தான் நிறைந்து திரும்பி வரும். நடுவில் அம்மா அந்தத் தட்டைத் தேடி வீட்டைப் புரட்டுவாள். அவர்கள் தட்டு எதுவும் வந்தால் வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு கை சீனி வைத்து அனுப்புவோம். அதை வழியிலேயே நக்கித் தீர்த்தது நான்தான் என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது.

—

தேரிக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாவு இந்தியக் கடையில் வாங்கியதுதான், அதில் தப்பில்லை. குற்றவாளி நான்தான்.

அச்சு இரண்டு ராத்திரியும் ராசாத்தி அக்கா சொன்னபடி கிடந்தது. கேசட் அடுப்பு வாங்கினேன். புகை உணர்வி அலறினால் என்ன செய்வது என்று மனைவி ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாள், வெளியே நாலு டிகிரி. மூன்று பேரும் குளிர் கோட்டுப் போட்டுக்கொண்டு சுட்டோம்.

முதல் மூன்று ஒட்டிக்கொண்டன. நான்காவது பாதி வந்தது. ஐந்தாவதை எண்ணெயில் பிடித்துக்கொண்டு, தட்டலாம் என்று ஈர்க்குக்குப் பதிலாக வைத்திருந்த சாப்ஸ்டிக்கை எடுத்தேன். அதற்குள் அது தானாகவே கழன்று மிதந்தது. பூ அப்படியே இருந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு தட்டில் நாலு வைத்துக் கொடுத்தோம். மாலையில் தட்டு திரும்பி வந்தது, உள்ளே இரண்டு ஆரஞ்சு. பக்கத்துவீட்டான் அண்ணாச்சி, இங்கேயும் வெறும் தட்டு திரும்புவதில்லை.

மகள் எண்ணி அடுக்கினாள். நாற்பத்தொன்று சுட்டோம், அவள் கணக்கில் முப்பத்தாறு. நான் ஒன்றும் கேட்கவில்லை. டின் மூடியில் பேப்பர் ஒட்டிவிட்டேன்.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு ஒன்றைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் செவந்து போச்சு. தீயக் கொற."