ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி: குறைந்த செலவில் நல்ல சாப்பாடு கிடைக்குமா?

வழிப்போக்கன்:
டிக்கெட், அறை எல்லாம் போட்டாயிற்று, மீதிப் பணம்தான் சாப்பாட்டுக்கு. மூன்று வேளையும் பிரெட்டைத் தின்று ஒப்பேற்ற மனசில்லை, அந்தந்த ஊர்ச் சமையலை ருசிக்கத்தானே போகிறேன்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியைச் சின்னதாக. ஸ்பெயினில் வார நாட்களில் மதியம் ‘மெனு தெல் தியா’ என்று கடை வாசலில் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், முதல் தட்டு, இரண்டாவது தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. அதே கடையில் ராத்திரி தனித்தனியாகச் சொன்னால் பில் எங்கேயோ போய்விடும். ஆனால் பன்னிரண்டு மணிக்கே போய் நிற்காதீர்கள், ஒன்றரைக்கு மேல்தான் அடுப்பே சூடாகும். பலகை கையால் எழுதியதா, பக்கத்து மேசையில் வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள், நான் கடையைத் தேர்ந்தெடுப்பது அப்படித்தான். சைவம் என்றால் பருப்பு சூப்பைக்கூடக் கேட்டுவிட்டு வாங்குங்கள், பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும்.

ரயில்சிநேகிதி:
கடலோடி சொன்னது அத்தனையும் சரி. போர்ச்சுகலில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். ‘கூவேர்’ என்பார்கள், இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள், தொடாததற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இத்தாலியில் பல உணவகங்களில் ‘கொபெர்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் சேரும், அதை மெனு அட்டையிலேயே போட்டிருப்பார்கள், உட்காரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். காபியைக் கவுண்டரில் நின்றபடி குடித்தால் விலை குறைவு, சதுக்கத்தைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தால் அதே காபிக்கு இரண்டு மடங்குக்கு மேல்கூட ஆகலாம்.

வழிப்போக்கன்:
இது தெரியாமல் போயிருந்தால் ரொட்டிக்கே அழுதிருப்பேன், நன்றி! தண்ணீர்? ராத்திரிக்கு என்ன செய்வது?

ரயில்சிநேகிதி:
ஸ்பெயினில் 2022 சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், ‘அகுவா தெல் கிரிஃபோ’ என்று கேளுங்கள். ரோமில் தெருவோரக் குழாய்களில் நாள் முழுக்க நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், பாட்டில் கையில் இருந்தால் போதும்.

நிலாமுற்றம்:
ராத்திரிக்கு சூப்பர்மார்க்கெட். சமையலறை உள்ள ஹாஸ்டல் என்றால் இன்னும் வசதி, பாஸ்தா, தக்காளி, நல்ல சீஸ் வாங்கி நாமே செய்தால் உணவகச் சாப்பாட்டுக்குச் சளைக்காது. ஸ்பெயினில் பல ஊர்களில் ஞாயிறன்று கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அப்புறம், இத்தாலியில் காய், பழத்தை வெறுங்கையால் எடுக்கக் கூடாது, பக்கத்திலேயே பிளாஸ்டிக் கையுறை இருக்கும். பல கடைகளில் நாமே தராசில் வைத்து, அந்தக் காயின் நம்பரை அழுத்தி, வரும் ஸ்டிக்கரைப் பையில் ஒட்ட வேண்டும், ஒட்டாமல் போனால் பில் போடும் இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.