கஜா புயலில் மரம் போன இடத்தில் மறுபடியும் தென்னையா, சும்மா விடலாமா?

கேள்வி: வரப்புக்காரன்

பேராவூரணி பக்கம் இரண்டு ஏக்கர் தோப்பு. 25 அடி இடைவெளியில் 140 தென்னை. 2018 நவம்பர் 16 விடிந்தபோது 31 நின்றது. இருட்டில் மரம் விழும் சத்தத்தை அப்பா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் எண்ணவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "நம்ம தோப்புல 140 மரம்" என்று சொல்கிற மனுஷன். அதற்கப்புறம் ஒருமுறையும் சொன்னதில்லை.

2019ல் 70 கன்று நட்டோம். போன வருடம்தான் பாளை விட ஆரம்பித்தது. மீதி இடத்தில் புல்லும் தானாக முளைத்த வேம்பும். அதையும் நிரப்பலாம் என்றால், "கெடக்கட்டும்டா, மாடு மேயட்டும்" என்கிறார். வடக்கு வரப்பில் 11 பனை இருக்கிறது, ஒன்றுகூட சாயவில்லை. கிழக்கிலும் பனை வைத்தால் காற்றைத் தடுக்குமா?

பதில்: செம்மண்

அப்பா சொல்வது கடன் இல்லாதவர் பேச்சு. எங்களுக்கு அந்த வசதி இல்லை. நான் இடையில் வாழை வைத்தேன், பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கையில் காசு. ஆனால் விழுந்த மரத்தைத் தோப்பிலேயே மட்க விட்டது என் தப்பு. அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகியது. புதுக் கன்றின் குருத்தையெல்லாம் குடைந்துவிட்டது.

பதில்: உப்பளத்தான்

தம்பி, நான் வேதாரண்யம். கிழக்கில் மட்டும் வைத்துப் பலனில்லை. அன்றைக்கு ராத்திரி நடுவில் காற்று சட்டென்று நின்றது. புயல் முடிந்தது என்று டார்ச்சோடு ஓடு பொறுக்க வெளியே வந்தேன். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பக்கமிருந்து அடித்தது. முன்னால் அடித்ததில் தப்பித்த மாட்டுக்கொட்டகை அப்போதுதான் போனது. நான் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனை வைப்பதானால் நாலு வரப்பிலும் வையுங்கள், உங்கள் காலத்தில் நுங்கு கிடைக்குமா என்று கேட்காதீர்கள்.

வரப்புக்காரன்

நன்றி அண்ணே. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தூண் விஷயத்துக்கு மட்டும் சிரித்தார். இன்றைக்குக் காலையில் குளத்தங்கரையில் பொறுக்கிய பனங்கொட்டை ஒரு சாக்கு வாசலில் கிடக்கிறது. செம்மண் அண்ணே, எங்கள் தோப்பிலும் மட்கின அடிமரம் ஏழெட்டு இருக்கிறது. பிளந்து பார்த்தேன், கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு. எரித்துவிட்டால் போதுமா?