‘மாத்திரை போடுவார்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

செவிலியர், இங்கிலாந்து

ஆங்கிலத்தின் நிகழ்காலம் யார் யாரை எங்கே தடுக்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது நோயாளியின் படுக்கை அருகில் நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இங்கே வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். பகல் ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் இரவு ஷிப்ட் செவிலியரிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஹேண்டோவர் என்போம். அன்று மூன்றாம் படுக்கையில் பார்க்கின்சன்ஸ் என்ற, கைகால் நடுங்கி விறைக்கும் நரம்பு நோயுள்ள ஒரு பாட்டி சாயங்காலம்தான் வந்து சேர்ந்திருந்தார். ‘அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு லெவோடோபா மாத்திரை போடுவார்’ என்பதுதான் அவருடைய மகள் சொன்னதில் நான் மனதில் வாங்கிக்கொண்டது. அதை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘ஷீ வில் டேக் ஹெர் டேப்லெட் அட் நைன்’ என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த அந்தச் செவிலியர் பேனாவை நிறுத்தினார். “மாத்திரை அவர் கையிலேயே இருக்கிறதா? தானே போட்டுக்கொள்வாரா?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி ஏன் வந்தது என்றே புரியவில்லை. “இல்லை, வீட்டில்” என்றேன். “ஓ, ஷீ டேக்ஸ் இட் அட் நைன்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த வேளை மருந்து அதில் எழுதப்படவே இல்லை. மருத்துவரைக் கூப்பிட்டு எழுத வைத்து, பாட்டிக்குக் கொடுத்து முடித்தபோது மணி ஒன்பது பத்து.

லெவோடோபா மாத்திரையைக் குறித்த நேரத்துக்கு 30 நிமிடம் முன்பின்னாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே மருத்துவத் தரத்துக்கு வழிகாட்டும் ‘நைஸ்’ அமைப்பு வைத்திருக்கும் தர அளவு. தாமதமானால் உடல் விறைத்துப்போகும். சிலருக்குத் தண்ணீர் விழுங்கக்கூட முடியாமல் போகும். அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல், பாட்டி தானே போட்டுக்கொள்வார் என்று எழுதிக்கொண்டு போயிருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த இரவுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ‘போடுவார்’ என்பது எதிர்காலம், எதிர்காலத்துக்கு ‘வில்’ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் நாம் வழக்கத்தையும் இதே உருவத்தில்தான் சொல்கிறோம். ‘தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்’, ‘தாத்தா வெற்றிலை போடுவார்’, ‘கோடையில் கிணறு வற்றும்’. இவை எதுவும் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை. இவ்வளவுக்கும் ஆங்கிலத்தில் வெறும் வினைச்சொல், அதாவது சாதாரண நிகழ்காலம்தான். ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்.’ எதிர்மறையில் இன்னும் மோசம். ‘அப்பா காப்பி குடிக்க மாட்டார்’ என்பதை ‘ஹீ வோன்ட் டிரிங்க் காஃபி’ என்றால், கொடுத்த காப்பியை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதாக இங்குள்ளவர்கள் காதில் விழுகிறது. ‘ஹீ டஸன்ட் டிரிங்க் காஃபி’ என்றால்தான் வழக்கம்.

பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையை நான் தலைகீழாக ஒப்பிப்பேன். அந்தக் கட்டத்தை எங்கள் பேச்சோடு சேர்த்துக் காட்ட யாரும் இல்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவரிடம் ‘எத்தனை நாளா ஆஸ்பத்திரியில இருக்கீங்க?’ என்று கேட்பதாக நினைத்து ‘ஹவ் லாங் ஆர் யூ இன் ஹாஸ்பிடல்?’ என்றேன். “வெள்ளிக்கிழமை வரைக்கும்னு நினைக்கிறேன்மா” என்றார். நான் கேட்டது கடந்துவந்த நாட்களை. அவர் காதில் விழுந்தது இனி இருக்கப்போகும் நாட்கள். நேற்றோ போன வாரமோ தொடங்கி இந்த நிமிடம் வரை நீளும் எதற்கும் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வேண்டும். ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் இன் ஹாஸ்பிடல்?’ தமிழில் ‘பத்து நாளா வலிக்குது’ என்று ‘-ஆக’ விகுதி ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் வினையை மாற்ற வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

ஆங்கில ஆசிரியர், அரசுப் பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்

சிஸ்டர், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இருபது வருடமாக இந்த அட்டவணையைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருப்பவன் நான். உங்கள் ஆதங்கம் எனக்கும் சேர்ந்ததுதான்.

நீங்கள் சொன்ன ‘வற்றும்’ விஷயம் மிகப் பழையது. முக்காலத்துக்கும் பொருந்துகிற இயல்பை எந்தச் சொல்லால் சொல்வது என்று தொல்காப்பியம் வினையியலில் பேசுகிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’. ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலம் செய்யும் முதல் வேலையே இதுதானே! ‘த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்’ என்பதற்கு ‘சூரியன் கிழக்கில் உதிக்கிறது’ என்று எழுதிப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்று பிள்ளைகள் வாயில் இயல்பாக வருவதை எழுத வைத்து, அதன் பக்கத்தில் ஆங்கிலத்தை வைக்கிறேன். ‘உம்’ என்று முடிந்தால் உடனே ‘வில்’ போடாதே, என்றைக்கும் நடப்பதா, இனிமேல் நடப்பதா என்று கேள் என்கிறேன்.

‘கிறேன்’ பற்றியும் ஒரு வார்த்தை. நன்னூல் நிகழ்கால இடைநிலையாக ஆநின்று, கின்று, கிறு என்று மூன்றைத் தருகிறது. எது வந்தாலும் காலம் ஒன்றுதான். ‘பையன் பள்ளிக்குப் போகிறான்’ என்றால் இப்போது தெருவில் நடந்துகொண்டிருக்கிறானா, பள்ளியில் படிக்கிற பிள்ளையா? சொல்கிற இடத்தை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அந்த இடத்தில் பிரித்துக் கேட்கும். தெருவில் போகிறவன் ‘ஈஸ் கோயிங்’, படிக்கிற பிள்ளை ‘கோஸ்’.

அப்புறம் அந்த ‘எஸ்’. தமிழில் ஏன், ஆய், ஆன், ஆள் என்று எல்லா எழுவாய்க்கும் விகுதி உண்டு. ஆங்கில நிகழ்காலத்தில் ‘ஹீ, ஷீ, இட்’ மூன்றுக்கு மட்டும் அந்த ஒரு எழுத்து மிச்சம் இருக்கிறது. பெயரில் ‘எஸ்’ வந்தால் பன்மை, வினையில் வந்தால் ஒருமை என்பதுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது. ‘டஸ் ஷீ கோஸ்?’ என்று கேட்பார்கள். வகுப்பில் ஒரு சாக்பீஸைப் பிள்ளை கையில் கொடுத்து, ‘இதுதான் எஸ்’ என்பேன். ‘டஸ்’ ஆக ஒரு பையன் வந்து முன்னால் நிற்பான். அவன் வந்ததும் ‘கோஸ்’ சாக்பீஸை அவனிடம் கொடுத்துவிட்டு ‘கோ’ ஆகிவிட வேண்டும். சாக்பீஸ் ஒன்றுதான், இரண்டு பேர் வைத்துக்கொள்ள முடியாது. ஒருமுறை கையில் வாங்கிக் கொடுத்த பிள்ளை அந்தத் தவறை மறுபடி செய்வது குறைவு.

சுற்றுலா வழிகாட்டி, மாமல்லபுரம்

எனக்கு இலக்கணம் தெரியாது, கேட்டுப் பேசிப் பழகிய ஆங்கிலம். ஆனால் ஒன்று மறக்க முடியாது. கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் காட்டி முடித்து, வயதான ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் காசு வாங்கிக்கொண்டு ‘ஓகே சார், ஐ ஆம் கமிங்’ என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நாம் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோமே, ‘வர்றேன்’ என்றுதானே சொல்வோம். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனால், இரண்டு பேரும் அதே இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் திரும்பி வருவேன் என்று காத்திருக்கிறார்கள்! அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது. ஓடிப்போய் இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அன்றிலிருந்து ‘ஐ ஆம் லீவிங் நவ், தேங்க் யூ’ என்று மட்டும்தான்.

நர்சிங் மாணவி, மதுரை

அக்கா, நான் ஓஇடி தேர்வுக்கு, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் எழுதும்போது ‘ஹேஸ்’ எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்பதுதான் பெரிய குழப்பம். உங்களுக்கு எப்படிச் சரியானது?

செவிலியர், இங்கிலாந்து

தங்கச்சி, எனக்கும் அதே இடத்தில்தான் மதிப்பெண் போனது. ‘போன வருஷம் ஆபரேஷன் பண்ணியிருக்காங்க’ என்று தமிழில் சொன்னால் ஒரு தவறும் இல்லை. அதையே ‘ஷீ ஹேஸ் ஹேட் சர்ஜரி லாஸ்ட் இயர்’ என்று எழுதினால் தவறு. ‘லாஸ்ட் இயர்’, ‘யெஸ்டர்டே’, ‘இன் 2019’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ்’ அங்கே நிற்காது. ‘ஷீ ஹேட் சர்ஜரி லாஸ்ட் இயர்.’ நேரத்தை எடுத்துவிட்டால் ‘ஷீ ஹேஸ் ஹேட் சர்ஜரி’ சரி.

அந்தக் கடிதத்துக்கு மொத்தம் 45 நிமிடம், அதில் முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளியின் குறிப்புகளை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்: தேதி போட்டு முடிந்தவை, அன்றிலிருந்து இன்று வரை தொடர்பவை, வழக்கமாக இருப்பவை. ‘அட்மிட் ஆனார்’ முதலாவது. ‘மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை’ இரண்டாவது, அதற்கு ‘ஹேஸ்’. ‘தனியாக வசிக்கிறார், சிகரெட் பிடிக்க மாட்டார்’ மூன்றாவது. ‘ஷீ லிவ்ஸ் அலோன். ஷீ டஸன்ட் ஸ்மோக்.’

பழைய பயிற்சிக் கடிதம் ஏதாவது இருந்தால் இங்கே போடு. நாளைக்கு எனக்கு விடுப்பு, உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.