பொருள்: பயோசிக்னேச்சர் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

க.:
அன்புள்ள குழுவினருக்கு, மேல்நிலை மாணவர்க்கான வானுயிரியல் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘பயோசிக்னேச்சர்’, அதாவது உயிர் இருக்கிறது அல்லது இருந்தது என்பதற்குச் சான்றாகக்கூடிய தடயம், 23 இடங்களில் வருகிறது. இப்போதைக்கு ‘உயிர்க்குறி’ என்று போட்டிருக்கிறேன். ஒரே சொல் வளிமண்டல வாயுவுக்கும், பாறையிலுள்ள கனிமப் புள்ளிக்கும், கார்பன்-12 சற்றே மிகுந்த ஐசோடோப்பு விகிதத்துக்கும் பொருந்த வேண்டும்.

ந.:
உயிர்க்குறி வேண்டாம். கொம்பு, கொக்கி, துணைக்கால் எல்லாம் உயிர்க்குறிகள்தாமே? தமிழ் வகுப்பு முடிந்து அடுத்த மணியில் இதே சொல்லைக் கேட்கும் பிள்ளை என்ன நினைக்கும்? ‘உயிர்ச்சுவடு’ என்க. சுவடு பதிந்தது சுவடி. எழுத்தாணி போனபின்னும் கீறல் நிற்கிறது. ‘உயிர்த்தடம்’ வேண்டாம், வரி முறிந்தால் ‘உயிர்த்த’ என்று நின்று ஈஸ்டர் ஞாயிற்றை நினைவூட்டும்.

வே.:
ஐயா, சுவடு என்றால் ஆள் போய்விட்டார் என்றாகிறது. பாறைக்குச் சரி, வாயுவுக்குத் தவறு. மீத்தேன் நம் காற்றில் ஏறத்தாழ பத்தாண்டுதான் தாங்கும். ஆக்சிஜன் அதைச் சிதைத்துவிடும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஏதோ ஒன்று இன்றும் ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1990 டிசம்பரில் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்தபோது பதிவுசெய்த இணையும் இதுதான். ‘உயிரறிகுறி’ என்போம். காய்ச்சல் ஓர் அறிகுறி; எந்த நோய் என்பதை அது சொல்லிவிடாது. செவ்வாயில் 2024 ஜூலையில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி துளைத்த பாறையும் அப்படியே. புள்ளிகளில் விவியனைட், கிரெய்கைட் என்ற இரும்புக் கனிமங்கள். நுண்ணுயிர் கரிமத்தை உண்டு இரும்பையும் கந்தகத்தையும் ஒடுக்கினால், அதாவது அவற்றுக்கு எலக்ட்ரான் கொடுத்தால், இவை உண்டாகும். உயிரில்லாத வேதிவினையிலும் உண்டாகலாம். அதனால்தான் ஆய்வாளர்கள் ‘சாத்தியமுள்ள’ என்ற அடையோடு எழுதினார்கள்.

செ.:
‘சாத்தியம்’ எதற்கு? ‘இயலும்’ இருக்கிறதே. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அளவை, அதாவது தருக்கம், முழுதும் இருக்கிறது. புகை ஏது, நெருப்பு அதனால் நிறுவப்படும் துணிபொருள். ‘உயிரேது’ என்றால் மூன்றுக்கும் பொருந்தும்.

ந.:
ஏது வடமொழி ஹேதுதான் அம்மா, தூய்மைக்கு அது உதவாது. தவிர, ‘வெள்ளிக் கோளில் உயிரேது’ என்று தலைப்பிட்டால் ‘அங்கே உயிர் எங்கே இருக்கிறது’ என்ற மறுப்பாகத்தான் வாசிப்பார்கள்.

செ.:
ஏற்கிறேன். ஆக்சிஜனை மட்டுமாவது ‘உயிர்வளி’ ஆக்குங்கள்.

வே.:
இந்தக் கையேட்டில் மட்டும் கூடவே கூடாது. புறஊதா ஒளி நீராவியைப் பிளக்கிறது, இலேசான ஹைட்ரஜன் விண்ணுக்குத் தப்புகிறது, ஆக்சிஜன் தங்குகிறது. உயிரே இல்லாத கோளிலும் இது நடக்கலாம். அதை ‘உயிரற்ற உயிர்வளி’ என்றா எழுதுவது? பெயரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஆக்சிஜன் என்ற கிரேக்கப் பெயரும் ‘அமிலம் பிறப்பிப்பது’ என்ற பிழையில் பிறந்ததுதான், ஆனால் நம் மாணவர் காதில் அந்தப் பிழை விழாது.

க.:
நேரமில்லை. உயிர்ச்சுவடு 5, உயிரறிகுறி 3. உயிர்ச்சுவடு என்றே போடுகிறேன். ஆக்சிஜன் ஆக்சிஜனாகவே இருக்கும். அடை ‘இயலும்’ அன்று, ‘ஐயத்துக்குரிய’வும் அன்று, ‘உயிர்ச்சுவடாக இருக்கக்கூடியது’ என்று விரித்தே எழுதுகிறேன்.

வே.:
வாயு வரும் நான்காம் பாடத்திலாவது முதல் வரியில் ‘இங்கே சுவடு என்பது பழையதை மட்டும் குறிக்காது’ என்று சேர்த்துவிடுங்கள். என் வாக்கு இன்னும் அறிகுறிக்கே.